மிளகில் தாய்க்கொடிப் பராமரிப்பும் வீட்டு நாற்றங்காலில் வேர்க்கன்று உற்பத்தியும்

நெல்லிலோ நிலக்கடலையிலோ விதை பழுதாக அமைந்துவிட்டால் நட்டம் அந்தப் பருவத்தோடு முடிந்துவிடும். அடுத்த பருவத்தில் நல்ல விதை வாங்கி விதைத்துக் கொள்ளலாம். மிளகில் அப்படியன்று. நட்ட மூன்றாம் ஆண்டில்தான் கொடி காய்க்கத் தொடங்குகிறது. ஏழு அல்லது எட்டு ஆண்டுகளில் முழு மகசூலை எட்டுகிறது. நன்கு பேணினால் இருபது ஆண்டுகளுக்கு மேல் பலன் தருகிறது. ஆகவே, நட்ட கன்று தரமற்றது என்பது உழவருக்குத் தெரிய வரும்போது மூன்று ஆண்டு உழைப்பும் உரமும் கூலியும் கைவிட்டுப் போயிருக்கும்.

கொல்லிமலை, ஏற்காடு, சிறுமலை, கீழ்ப்பழனி மலை, கூடலூர் ஆகிய பகுதிகளில் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களின்மேல் மிளகு ஏற்றியுள்ள உழவர்கள் பலர், தங்களுக்குத் தேவையான கன்றுகளைத் தாங்களே வீட்டில் உண்டாக்கிக் கொள்ளலாம். இதற்குப் பெரிய முதலீடோ இயந்திரமோ தேவையில்லை. ஆனால் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். கன்று உற்பத்தி என்பது பையில் மண் நிரப்பும் நாளில் தொடங்குவதன்று. தாய்க்கொடியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. தாய்க்கொடி சீராக இல்லையெனில், அதன்பின் செய்யும் எந்தப் பக்குவமும் கன்றைச் சீராக்காது.

துண்டுக்கன்று என்பது யாது?

மிளகை விதை மூலமும் முளைக்க வைக்கலாம். ஆனால் விதைக்கன்றுகள் தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டிருப்பதில்லை. அவை காய்ப்புக்கு வரவும் நெடுங்காலம் ஆகும். எனவே, புதிய இரகங்களை உருவாக்கும் ஆராய்ச்சியாளர்களே விதைக்கன்றுகளை வளர்க்கின்றனர். தோட்டத்தில் நடுவதற்குத் தண்டுத் துண்டுகளே ஏற்றவை.

துண்டை வேர்விடச் செய்து பெறும் கன்றைத் தாயின் பிள்ளை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது தாயின் பிள்ளையன்று; தாயேதான். அதே கொடி வேறோர் இடத்தில் தொடர்ந்து வளர்கிறது. தாய் நிறையச் சரம் விட்டால் கன்றும் அவ்வாறே விடும். தாய்க்கொடியில் சரம் நீண்டு மணிகள் நெருங்கிப் பிடித்தால் கன்றிலும் அப்படியே பிடிக்கும். அதே வேளையில், தாயின் சாற்றில் நச்சுயிரி இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் அது இருக்க வாய்ப்புண்டு. நன்மையும் தீமையும் ஒரே வழியில்தான் கடந்து செல்கின்றன.

கொடியின் நால்வகைத் தண்டுகள்

மிளகுக் கொடியில் எந்தத் தண்டை வெட்டினாலும் ஒரே வகைக் கன்று கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தண்டுகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, படர்மரத்தைப் பற்றி மேலேறும் முதன்மைத் தண்டு. இதன் கணுக்களில் பற்றுவேர்கள் உண்டு. இரண்டாவது, இதிலிருந்து பக்கவாட்டில் தோன்றும் காய்க்கும் கிளைகள். இவற்றில்தான் சரம் விடுகிறது, பற்றுவேர் இராது. மூன்றாவது, கொடியின் அடிப்பாகத்திலிருந்து தோன்றித் தரையில் ஓடும் ஓடுகொடிகள். நான்காவது, கொடியின் மேற்பகுதியிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் தொங்குகொடிகள்.

கன்று உற்பத்திக்கு ஓடுகொடிகளே பெரிதும் ஏற்றவை. இவற்றை வெட்டுவதால் காய்ப்புக்கு இழப்பில்லை. கணுக்களும் எளிதில் வேர்விடும். முதன்மைத் தண்டின் நுனிப்பகுதியையும் பயன்படுத்தலாம் என்றாலும், அதை வெட்டுவதால் தாய்க்கொடியின் வளர்ச்சி தடைப்படும். தொங்குகொடிகளைத் தவிர்க்க வேண்டும். காய்க்கும் கிளைகளை வேர்விடச் செய்தால் அவை மரமேறாமல் புதராகவே நிற்கும். தொட்டியில் வளர்க்கப்படும் புதர்மிளகு இவ்வாறு உண்டாக்கப்படுவதே. படர்மரத்தடியில் நடுவதற்கு இக்கிளைகள் உதவா.

தாய்க்கொடியைத் தேர்ந்தெடுத்தல்

சரங்கள் நன்கு தெரியும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தோட்டத்தைச் சுற்றி வந்து தாய்க்கொடிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அறுவடை முடிந்தபின் இலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது சரியன்று. செழிப்பாக இலை விட்டுச் சரம் குறைவாக விடும் கொடிகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. தேர்ந்தெடுக்கும் கொடியில் பின்வரும் பண்புகள் அமைந்திருக்க வேண்டும்.

1. வயது ஐந்து முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இருத்தல் வேண்டும்.

2. ஓர் ஆண்டு மட்டுமன்றித் தொடர்ந்து ஆண்டுதோறும் நன்கு காய்த்திருத்தல் வேண்டும்.

3. அடி முதல் நுனி வரை காய்க்கும் கிளைகள் நெருக்கமாக அமைந்து, சரங்கள் நீண்டு, மணிகள் இடைவெளியின்றிப் பிடித்திருத்தல் வேண்டும்.

4. கொடியும் அதைச் சுற்றியுள்ள கொடிகளும் வாடல் நோயற்றவையாக இருத்தல் வேண்டும்.

நான்காவது பண்பு பலரால் கவனிக்கப்படுவதில்லை. தேர்ந்தெடுத்த கொடி நன்றாக இருக்கலாம். ஆனால் அதற்கு மேல்சரிவில் உள்ள கொடி சென்ற மழையில் வாடி இறந்திருந்தால், நோய்ப்பூசணம் மழைநீரோடு இக்கொடியின் அடிமண்ணுக்கு வந்திருக்கக் கூடும். அத்தகைய கொடியைத் தாய்க்கொடியாகக் கொள்ளுதல் கூடாது.

ஒரே கொடியிலிருந்து தோட்டம் முழுமைக்கும் கன்று எடுப்பதும் முறையன்று. ஐந்தாறு கொடிகளையாவது தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, மரத்தில் வண்ணப்பூச்சால் எழுதிவிட வேண்டும். கன்றுகளையும் அந்த எண் வாரியாகத் தனித்தனியே அடுக்கி வைத்தல் நலம். பின்னாளில் ஒரு வரிசைக் கன்றுகளில் குறை தோன்றினால், அது எந்தத் தாயிலிருந்து வந்தது என்று கண்டு, அத்தாயையும் அதன் கன்றுகளையும் விலக்கிவிடலாம். எண் இல்லையெனில் எல்லாவற்றின்மேலும் ஐயம் விழும்.

இரகத்தைப் பொறுத்தவரை, கேரளத்தில் உள்ள பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உதிரங்கொட்டை, செறியகாணியக்காடன் என்னும் இரு இரகங்களை இனக்கலப்புச் செய்து உருவாக்கப்பட்ட பன்னியூர் 1 நீண்ட சரமும் பருத்த மணியும் உடையது. ஆனால் அடர்ந்த நிழலில் இது சரிவரக் காய்ப்பதில்லை. நிழல் மிகுந்த காப்பித் தோட்டங்களில் அந்தந்தப் பகுதியில் நெடுநாளாகக் காய்த்துவரும் நாட்டுக்கொடிகளையும், கரிமுண்டா போன்ற நிழல் தாங்கும் இரகங்களையும் பரிசீலிக்கலாம். உயர்ந்த மலைப்பகுதிகளுக்கு, கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட தேவம் என்னும் இரகம் பரிந்துரைக்கப்படுகிறது. இது வாடல் நோயை ஓரளவு தாங்கக் கூடியது.

தாய்க்கொடியில் காணக்கூடாத அறிகுறிகள்

தாய்க்கொடி மூலம் கன்றுக்குப் பரவும் நோய்களில் மிகக் கொடியது நச்சுயிரி நோயே. பூசண நோய்க்கு மருந்து உண்டு. நச்சுயிரி புகுந்த கொடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இலைகள் சிறுத்துக் குறுகுதல், இலைப்பரப்பில் மஞ்சள் புள்ளிகளும் திட்டுகளும் கலந்து தோன்றுதல், நரம்புகள் வெளிறுதல், இலை விளிம்பு அலைபோல நெளிதல், இடைக்கணுக்கள் குட்டையாதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். இத்தகைய கொடி உடனே இறந்துபோவதில்லை. ஆண்டுதோறும் சிறுகச் சிறுகக் குன்றும். சரமும் குறுகி, மணிகளும் விட்டுவிட்டுப் பிடிக்கும். உழவர் இதை உரக்குறைவு என்று எண்ணி உரமிட்டுக் கொண்டேயிருப்பார்.

இந்நோய் வெகுதூரம் பரவுவது நோயுற்ற துண்டுகளாலேயே. தோட்டத்துக்குள் மாவுப்பூச்சியும் அசுவினியும் ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்குக் கொண்டு செல்கின்றன. நச்சுயிரி உள்ள கொடியிலும் சில காலங்களில் அறிகுறி தெரியாமல் இருப்பதுண்டு. எனவே, குறித்து வைத்த கொடியை ஒருமுறை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் கோடையிலும் புதுத்துளிரைப் பார்த்து வருதல் வேண்டும். விற்பனைக்காகப் பெருமளவில் கன்று உற்பத்தி செய்வோர் தாய்க்கொடிகளை ஆய்வகச் சோதனைக்கு உட்படுத்துவது நல்லது.

நூற்புழு தாக்கிய கொடியும் தாய்க்கொடியாகப் பயன்படாது. மழை முடிந்தபின் இலை மஞ்சளாகி உதிர்வதும், வேரைத் தோண்டிப் பார்த்தால் முடிச்சுகள் காணப்படுவதும் இதன் அறிகுறிகள்.

ஓடுகொடிகளைப் பேணுதல்

தேர்ந்தெடுத்த தாய்க்கொடியின் அடியில் தோன்றும் ஓடுகொடிகளைத் தரையில் படர விடக்கூடாது. கொடியின் அருகே மரக்குச்சி ஒன்றை நட்டு, ஓடுகொடிகளைச் சுருளாகச் சுற்றி அதில் கட்டி வைக்க வேண்டும். இதற்கு இரு காரணங்கள் உண்டு. தரையைத் தொட்ட கணுக்கள் அங்கேயே வேர்விட்டுவிடும். பிடுங்கும்போது அவ்வேர்கள் அறுபட்டுக் காயமாகும். இரண்டாவதாக, வாடல் நோய்ப்பூசணமும் நூற்புழுவும் மண்ணில் வாழ்பவை. மண்ணைத் தொடாத ஓடுகொடி அவற்றினின்று பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஒரு குச்சியும் ஒரு கயிறும் செய்யும் இந்த வேலையை எந்த மருந்தாலும் செய்ய இயலாது.

தாய்க்கொடியின் அடியைச் சுற்றி மண்வெட்டியால் ஆழக் கொத்துதல் கூடாது. வேரில் ஏற்படும் காயமே நோய் புகும் வாயில். களைகளைக் கையால் பிடுங்கி, காய்ந்த இலைகளால் மூடாக்கு இடவேண்டும். நீர் தேங்காதவாறு வடிகால் அமைக்க வேண்டும்.

இடமும் மண்கலவையும்

பிப்ரவரி, மார்ச்சு மாதங்கள் துண்டுகள் வெட்டுவதற்கு ஏற்றவை. அப்போது நட்டால் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் கன்றுகள் நடவுக்குத் தயாராகும். வடகிழக்குப் பருவமழையை நம்பி நடும் கிழக்கு மலைப்பகுதியினர் அதற்கேற்ப நாற்றங்காலைப் பின்னர் தொடங்கலாம்.

நாற்றங்கால் வீட்டுக்கு அருகிலும் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்திலும் இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து மழைநீர் வழிந்து வரும் தாழ்வான இடத்தில் அமைக்கக் கூடாது. மிளகுத் தோட்டத்தில் மிதித்த சேற்றுக் காலோடு நாற்றங்காலுக்குள் நுழைவதும், அங்கே பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவாமல் இங்கே பயன்படுத்துவதும் நோயை நாமே அழைத்து வருவதற்கு ஒப்பாகும். நிழல்வலை கட்டியோ தென்னங்கீற்றால் பந்தலிட்டோ நேர்வெயில் படாமல் காக்க வேண்டும்.

நல்ல மேல்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு எரு ஒரு பங்கு என்ற அளவில் மண்கலவை தயாரிக்க வேண்டும். மேல்மண்ணை மிளகுத் தோட்டத்திலிருந்து எடுக்கக் கூடாது. மக்காத எரு சூடு கிளப்பி இளவேரைக் கருக்கிவிடும்.

இக்கலவையைச் சூரிய வெப்பத்தால் தூய்மைப்படுத்துதல் சாலச் சிறந்தது. கோடையில் வெட்டவெளியில் கலவையை மேடையாகப் பரப்பி, நன்கு நனைத்து, ஒளி ஊடுருவும் வெள்ளைப் பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடைத்து, ஆறு வாரங்கள் வைத்திருக்க வேண்டும். உள்ளே தங்கும் வெப்பத்தால் நோய்ப்பூசணங்களும் நூற்புழுக்களும் களைவிதைகளும் பெருமளவு அழிகின்றன. கறுப்புத் தாள் இதற்கு ஏற்றதன்று. பிப்ரவரியில் பை நிரப்ப வேண்டியவர்கள், முந்திய கோடையிலேயே இதைச் செய்து கலவையை மூடி வைத்துக்கொள்ள வேண்டும்.

தூய்மைப்படுத்திய கலவையில், பைக்கு ஒரு கிராம் வீதம் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து விடலாம். தூய்மையான மண் வெற்றிடம் போன்றது. முதலில் குடியேறுவது நன்மை செய்யும் பூசணமாக இருந்தால், நோய்ப்பூசணத்துக்கு இடம் எளிதில் கிடைக்காது. 20 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் உள்ள பாலிதீன் பைகளின் அடியில் துளையிட்டுக் கலவையை நிரப்ப வேண்டும்.

துண்டு வெட்டுதலும் நடுதலும்

ஓடுகொடிகளைக் காலை வேளையில் வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். நுனியில் உள்ள இளம்பகுதி அழுகிவிடும். அடியில் உள்ள முற்றிய பகுதி வேர்விடத் தாமதமாகும். நடுவில் உள்ள மூன்றில் ஒரு பங்கே சிறந்தது. இதை இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாகக் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும். நசுங்கிய இடம் அழுகும். ஒரு தாய்க்கொடியிலிருந்து மறு தாய்க்கொடிக்குச் செல்லும் முன் கத்தியை எரிசாராயத்தில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

இலைகளை நீக்கிவிட வேண்டும். வேரில்லாத துண்டு தண்ணீரை உறிஞ்ச இயலாது. இலையோ நீரை ஆவியாக்கிக் கொண்டே இருக்கும். இலையை நீக்கும்போது காம்பின் ஒரு பகுதியைத் தண்டிலேயே விட்டு வெட்ட வேண்டும். இழுத்துப் பிய்த்தால் கணுவிலுள்ள மொட்டுக்கு ஊறு நேரும்.

வேர்விடுதலை விரைவுபடுத்த இந்தோல் பியூட்டிரிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியைப் பயன்படுத்தலாம். லிட்டருக்கு 1 கிராம் செறிவுள்ள கரைசலில் துண்டின் அடிப்பகுதியை 45 விநாடிகள் நனைத்து உடனே நடவேண்டும். இம்மருந்து தண்ணீரில் நேராகக் கரையாது. சிறிது எரிசாராயத்தில் கரைத்தபின் தண்ணீர் சேர்க்க வேண்டும். அதிக நேரம் ஊற வைத்தால் பயன் கூடாது. தண்டின் அடி கெடவும் கூடும். ஊக்கி இல்லாவிட்டாலும் மிளகு வேர்விடும் என்பதால், இது கிடைக்கவில்லையே என்று வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்குமாறும் ஒரு கணு மண்ணுக்கு மேலே இருக்குமாறும் நட்டு, சுற்றிலும் மண்ணை விரலால் மெல்ல அழுத்தி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். வேர் தோன்றுவது கணுவிலிருந்தே. எனவே, கணுவும் மண்ணும் ஒட்டியிருப்பதே இன்றியமையாதது.

துளிரைக் கண்டு ஏமாறுதல்

நட்ட சில வாரங்களில் மேற்கணுவில் துளிர் தோன்றும். கன்று பிடித்துவிட்டது என்று எண்ணிப் பந்தலைப் பிரித்துவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த வாரமே துளிர் வாடிவிடும். காரணம் இதுதான்: முதல் துளிர், தண்டில் சேமித்து வைக்கப்பட்டிருந்த உணவைக் கொண்டு தோன்றுவது. அது தோன்றுவதற்கு வேர் தேவையில்லை. நிலைப்பதற்குத்தான் வேர் தேவை. ஆகவே, துளிர் கண்டபின்னும் நிழலையும் ஈரப்பதத்தையும் குறைக்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது இலைகள் விரிந்து, பையின் ஓரத்தில் வெள்ளை வேர்கள் தெரியும்போதே கன்று பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். பிடித்திருக்கிறதா என்று துண்டை அசைத்துப் பார்ப்பதும் பிடுங்கிப் பார்ப்பதும் தோன்றிய இளவேரை அறுத்துவிடும்.

நீர் விடுவதிலும் அளவு வேண்டும். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வேண்டும். விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. நீர் தேங்கிய பையில் காற்றோட்டம் இல்லாமல் வேர் அழுகும்.

சில கொடியிலிருந்து பல கன்று: பாம்புநெளி முறை

நல்ல தாய்க்கொடிகள் சிலவே இருக்கும்போது, அவற்றிலிருந்து ஆண்டு முழுவதும் கன்று எடுக்க ஏற்ற முறை ஒன்று உள்ளது. தாய்க்கொடிகளிலிருந்து பெற்ற வேர்விட்ட கன்றுகள் சிலவற்றை அரைக்கிலோ கலவை கொள்ளும் பைகளில் நட்டு, நிழல்வலைக் குடிலில் வரிசையாக வைக்க வேண்டும். இவற்றை மூலச்செடிகள் எனலாம். மூலச்செடி வளர்ந்து சில கணுக்கள் விட்டதும், தண்டைத் தரையோடு படுக்கவிட்டு, ஒவ்வொரு கணுவுக்கும் அடியில் கலவை நிரப்பிய சிறு பை ஒன்றை வைக்க வேண்டும். கணு மண்ணில் பதியுமாறு அழுத்தி, தென்னை ஈர்க்கை வளைத்துக் கவ்வாகச் செருகிவிட வேண்டும். கொடி நீள நீளப் பைகளை வைத்துக்கொண்டே செல்ல வேண்டும். கொடி பாம்புபோல் நெளிந்து பைகளின்மேல் ஓடும்.

மூன்று மாதங்களில் மூலச்செடிக்கு அருகிலுள்ள முதல் பத்து, பன்னிரண்டு கணுக்கள் நன்கு வேர்விட்டிருக்கும். வேர்விட்ட ஒவ்வொரு கணுவுக்கும் சற்றுக் கீழே வெட்டிப் பையோடு பிரித்து, வெட்டிய முனையை அதே பையின் மண்ணில் புதைத்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் துளிர் தோன்றும். இரண்டு, மூன்று மாதங்களில் நடவுக்குத் தயாராகும். இம்முறையில் ஒரு மூலச்செடியிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 60 கன்றுகள் பெறலாம். தாயோடு இணைந்திருக்கும்போதே கணு வேர்விடுவதால், துண்டு வாடிப்போகும் இழப்பு இம்முறையில் மிகக் குறைவு.

இருநூறு மரங்களுக்கு மிளகு ஏற்ற விரும்பும் ஓர் உழவருக்கு ஐந்து மூலச்செடிகள் இருந்தால் ஓராண்டில் 300 கன்றுகள் வரை கிடைக்கும். கழிவு போக அவரது தேவைக்குப் போதும். இதே கணக்கை மறுபக்கமும் பார்க்க வேண்டும். ஐந்தில் ஒரு மூலச்செடி நச்சுயிரி உடையதாக இருந்தால், ஆண்டுக்கு 60 நோய்க்கன்றுகள் அவரது தோட்டத்துக்குச் செல்லும். பெருக்கும் முறை எவ்வளவு விரைவானதோ அவ்வளவு விரைவாக நோயும் பெருகும்.

மூலச்செடிகளுக்கு ஊட்டம்

தொடர்ந்து துண்டு எடுக்கப்படும் செடி விரைவில் இளைத்துவிடும். இளைத்த செடியின் கணுவில் சேமிப்பு உணவு குறைவதால் வேரும் மெலிந்தே தோன்றும். எனவே, 10 லிட்டர் தண்ணீரில் யூரியா 40 கிராம், சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், மூரியேட் ஆப் பொட்டாஷ் 20 கிராம், மெக்னீசியம் சல்பேட் 10 கிராம் கரைத்து, செடிக்குக் கால் லிட்டர் வீதம் மாதம் ஒருமுறை ஊற்ற வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டை முதல்நாள் இரவே ஊற வைத்துத் தெளிவை எடுத்துக்கொள்வது நல்லது. தழைச்சத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தால் தண்டு நீண்டு மென்மையாகி, வெட்டியதும் அழுகும். கரும்பச்சை நிறம் எப்போதும் நலத்தின் அடையாளமன்று.

மூலச்செடியின் இலையின் அடிப்புறத்தையும் கணுவிடுக்கையும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி ஒன்றிரண்டு தோன்றியபோதே ஈரத்துணியால் துடைத்தோ வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தோ அழித்துவிட வேண்டும். எறும்பு ஊர்வதைக் கண்டால் மாவுப்பூச்சி இருப்பதாகவே கொண்டு தேடிப்பார்க்க வேண்டும். பூச்சி பெருகியபின் மருந்தடிப்பதால் பூச்சி ஒழியலாம். அது ஏற்கெனவே பரப்பிவிட்ட நச்சுயிரி ஒழியாது.

நாற்றங்கால் நோய்கள்

வாடல் நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா பூசணமே நாற்றங்காலிலும் முதல் எதிரி. வயநாட்டு மிளகில் இந்நோய் 1902ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டுள்ளது. இன்றும் மிளகுத் தோட்டங்களை மிகுதியாக அழிப்பது இதுவே. நாற்றங்காலில் இலைகளில் நீர்கோத்த கரும்புள்ளிகள் தோன்றி, விளிம்பில் நார்போலப் பிசிறுடன் விரைந்து பரவும். தண்டு கறுக்கும், வேர் அழுகும், இலைகள் உதிரும்.

இதைத் தடுக்க மாதம் ஒருமுறை 1 சதப் போர்டோ கலவையை இலைகளில் தெளிக்க வேண்டும். வீட்டு நாற்றங்காலுக்கு 10 லிட்டர் கலவை போதும். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பை நீற்றி 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைக்க வேண்டும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சற்று நேரம் அமிழ்த்திப் பார்த்தால், செம்பு படியக் கூடாது. படிந்தால் மேலும் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

நோய் கண்ட நாற்றங்காலில், லிட்டருக்கு 1.25 கிராம் வீதம் மெட்டலாக்சில், மேங்கோசெப் கூட்டுமருந்தையோ, லிட்டருக்கு 3 மி.லி. வீதம் பொட்டாசியம் பாஸ்போனேட்டையோ தெளித்து மண்ணிலும் ஊற்றலாம். டிரைக்கோடெர்மா இட்ட பைகளில் செம்பு மருந்துகளை மண்ணில் ஊற்றினால் அந்த நன்மைப் பூசணமும் பாதிக்கப்படும் என்பதை மறக்கலாகாது. மருந்து கையாளும்போது கையுறையும் முகமூடியும் அணிய வேண்டும்.

நூற்புழுவுக்குப் போரேட் குருணை இடுமாறு பழைய கையேடுகளில் இருக்கும். அம்மருந்து 2020ஆம் ஆண்டு இறுதியோடு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதைப் பயன்படுத்தக் கூடாது. வெயிலால் தூய்மைப்படுத்திய மண்ணும், பொக்கோனியா என்னும் நூற்புழுவை அழிக்கும் பூசணமும் அதற்கு மாற்றாக அமைகின்றன.

கழிக்க வேண்டியதைக் கழித்தல்

கன்று உற்பத்தியில் கடினமான வேலை வளர்ப்பதன்று, கழிப்பது. மூன்று மாதம் நீரூற்றி வளர்த்த கன்றைத் தூக்கி எறிய மனம் வராது. தொட்டியில் நிற்கும் மூலச்செடி பார்ப்பதற்கு உயிரோடு இருக்கையில் அதைப் பிடுங்குவது இன்னும் கடினம். எனினும், இலை சிறுத்த கன்று, மஞ்சள் திட்டு விழுந்த கன்று, அதே வயதுடைய மற்றவற்றைவிடக் குட்டையாக நின்றுவிட்ட கன்று ஆகியவற்றைத் தயங்காமல் பிரித்து எடுத்து எரித்துவிட வேண்டும். அவற்றின் பைமண்ணை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. இளைத்தது தேறிவிடும் என்று எண்ணி ஓரமாக வைப்பதும், அண்டை வீட்டாருக்கு இலவசமாகக் கொடுப்பதும் தவறு. மலைக்கிராமங்களில் உறவினரும் நண்பரும் கொடியைக் கைமாற்றிக் கொள்வது நெடுநாள் வழக்கம். நல்ல கொடி ஊரெங்கும் பரவியது அவ்வழியில்தான். நோயும் அவ்வழியில்தான் பரவுகிறது.

ஒரு மூலச்செடியில் நச்சுயிரி அறிகுறி ஐயமறத் தெரிந்தால், அதையும் அதே எண்ணுடைய எல்லாக் கன்றுகளையும் நீக்கிவிட வேண்டும். எண்ணிட்டு வைத்ததன் பயன் அன்றுதான் தெரியும்.

நடவுக்கு முன்

ஐந்தாறு இலைகள் விட்ட கன்றுகள் நடவுக்கு ஏற்றவை. நடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைத்துக் கன்றைப் பழக்க வேண்டும். மழை நிலைத்தபின், படர்மரத்தின் அடியிலிருந்து 30 செ.மீ. தள்ளி, வடக்குப் பக்கமாகக் குழியெடுத்து, பையைக் கிழித்து மண் உடையாமல் நட்டு, துளிரை மரத்தோடு இணைத்துக் கட்டிவிட வேண்டும். கன்றின் அடியில் நீர் தேங்காதவாறு மண்ணைச் சற்று உயர்த்தி அணைக்க வேண்டும்.

மேற்கூறிய வேலைகளில் செலவு மிகுந்தது எதுவும் இல்லை. அக்டோபரில் கொடியைப் பார்த்துக் குறிப்பதும், ஓடுகொடியைக் குச்சியில் கட்டுவதும், மண்ணை வெயிலில் வேக வைப்பதும், எண்ணிட்டு வைப்பதும், கழிக்க வேண்டியதைக் கழிப்பதும் கவனத்தையே கேட்கின்றன. இருபது ஆண்டு நிற்கப்போகும் கொடிக்கு இந்த ஓராண்டுக் கவனமே அடித்தளம். ஆதலின், மிளகு பயிரிடும் உழவர் பெருமக்கள் இவ்வாண்டு சரம் முற்றும் காலத்தில் தங்கள் தோட்டத்தில் ஐந்து நல்ல தாய்க்கொடிகளையாவது குறித்து வைத்து, தரமான கன்றுகளைத் தாங்களே உண்டாக்கிப் பயன்பெறுவார்களாக.